நவம்பர் ஒன்றாம் தேதி ஏச்சு

இந்த வருஷம் நவம்பர் ஒன்றாம் தேதி காலையில் நினைவுத்தூண் பக்கம் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு விடுமுறை நாள் என்று தனியாக ஒன்று கிடையாது. இருந்தாலும் பழக்கம் விடவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளின் குழியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மாலை போட வேண்டிய அதிகாரிகள் வந்துகொண்டே இருந்தார்கள், அதாவது வரவில்லை. ஒருவர் மைக்கைத் தட்டித் தட்டி அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, வேட்டியை ஒதுக்கி முட்டில் எண்ணெய் தேய்க்கத் தொடங்கினார். கொட்டஞ்சுக்காதித் தைலம். சுக்கும் புளியும் பூண்டும் எள்ளெண்ணெயில் கருகிய அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் தூணை விட்டு, மைக்கை விட்டு, நேராக எஸ்றா மாமாவின் வலது தோளுக்குப் போய்விட்டேன்.

அந்தத் தோளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இந்த விடுமுறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் மதுரைக்காரரோ சேலத்துக்காரரோ என்றால் அன்று உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் போக வேண்டாம். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம். நாங்கள் திருவிதாங்கூர் ராஜாவின் குடிகளாக இருந்தவர்கள். ராஜா போன பிறகும் அந்த ராஜ்யத்தின் வாலாகத்தான் கிடந்தோம். பேசுவது தமிழ், மனுக் கொடுப்பது மலையாளம். தெற்கே இருந்த தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். லத்தி வந்தது, பிறகு துப்பாக்கி வந்தது. மார்த்தாண்டம் பக்கத்தில் சுடப்பட்டு விழுந்தவர்களின் ரத்தத்தை மழை கழுவிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் என் சின்ன வயதில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். கடைசியில் ஒரு நவம்பர் ஒன்றாம் தேதி எல்லை மாறியது. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் அப்படியே இருந்தன. தலைமைச் செயலகம் மட்டும் திருவனந்தபுரத்திலிருந்து மதராசுக்குப் போனது. அந்த நாளைத்தான் கொண்டாடுகிறோம். முன்னால் நின்ற தலைவர்களுக்கு மாலை, செத்தவர்களுக்கு மலர்வளையம், செத்தவர் வீட்டாருக்கு ஒரு பொன்னாடை.

ஆனால் எனக்கு எட்டு ஒன்பது வயதில் நவம்பர் ஒன்று என்றால் மாலையும் இல்லை, மலர்வளையமும் இல்லை. ஏச்சு. எங்கள் தெருப் பிள்ளைகள் அதை அப்படித்தான் சொல்வோம். கிறிஸ்துமஸுக்குக் கேக்கு, ஓணத்துக்கு ஊஞ்சல், நவம்பர் ஒன்றுக்கு ஏச்சு. அன்று முறைப்படி விடுமுறையா, எங்கள் ஹெட்மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு விட்டாரா என்பது இப்போது நினைவில் இல்லை. காலை ஏழு மணிக்கெல்லாம் நாங்கள் பலாமரத்துக்குப் பின்னால் இடம் பிடித்துவிடுவோம்.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே எங்கள் ஊர். தெருவின் ஒரு முனையில் எஸ்றா மாமாவின் வெற்றிலைக்கடையும் வீடும். மாமா என்றால் ரத்த உறவு இல்லை, ஒரே சபை. சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். மறுமுனையில் கேசவன் ஏட்டு வீடு. ஏட்டு என்றால் ஹெட் கான்ஸ்டபிள். நடுவில் நாங்கள். எஸ்றா மாமாவின் அண்ணன் யோவேல் எல்லைப் போராட்டத்தில் போலீஸ் அடித்துச் செத்தவர். அந்தத் தூணில் அவர் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அண்ணனுக்கான பொன்னாடையைத் தம்பிதான் மேடையேறி வாங்குவார். இடது கையால் வாங்குவார். வலது கை தோளுக்கு மேல் எழாது. தோளிலிருந்து சும்மா தொங்கும். சர்ச்சில் ஆசீர்வாதத்துக்குக் கையுயர்த்தும்போது, இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, அது விழாமல் தாங்கிக்கொண்டு நிற்பார். அந்தத் தோளில் ராப்பகலாகத் தைலம் மணக்கும். அவர் உட்கார்ந்து எழுந்த பெஞ்சில் அரைமணி நேரத்துக்கு வேறு யாரும் உட்கார முடியாது.

அந்தக் கையை அப்படி ஆக்கியவர் கேசவன் ஏட்டு. இது ஊருக்கே தெரியும் என்று எஸ்றா மாமா சொல்வார். ஊருக்கு எஸ்றா மாமா சொல்லித்தான் தெரியும். போராட்டக் காலத்தில் ஏட்டு புதிதாகச் சேர்ந்த கான்ஸ்டபிள். மாநிலம் மாறியபோது தொப்பியிலிருந்த சின்னம் மாறியது, ஆள் அதே ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தார். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே தெருவில், ஒரே கிணற்றில் தண்ணீர் கோரி, முப்பது வருஷம் வாழ்ந்தார்கள். மற்ற முந்நூற்று அறுபத்துநாலு நாளும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. நவம்பர் ஒன்று மட்டும் கணக்கில் சேராது.

காலையில் எஸ்றா மாமா குளித்து, வெள்ளை வேட்டி உடுத்து, மேடைக்குப் போவதற்கு முன்னால் நேராக ஏட்டு வீட்டு நடைவாசலில் போய் நிற்பார்.

"ஏலே கேசவா. வெளிய வாலே. எனக்க கைய முறிச்ச பட்டி, வெளிய வா."

பட்டி என்றால் நாய். ஏட்டு வருவார். இதில் ஒரு விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. போலீஸ்காரருக்கு அன்று பந்தோபஸ்து இருக்க வேண்டும். ஆனால் நவம்பர் ஒன்றாம் தேதி அவர் எப்படியாவது லீவு வாங்கிவிடுவார். இஸ்திரி போட்ட சட்டையோடு, துவர்த்துத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். பிறகு ஏச்சு தொடங்கும். அம்மை, அப்பன், தாத்தா வரைக்கும் போய்த் திரும்பும். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் பாதிக்கு மேல் அந்தப் பலாமரத்துக்குப் பின்னால் நின்று படித்தவை. மீதியைத் தாலுகா ஆபீசில் படித்தேன். எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு கேள்வி வரும்.

"அடிச்சேன்னு சொல்லுலே. ஒரு வார்த்த சொல்லு."

"ஓர்மையில்ல எஸ்றா."

இவ்வளவுதான். வருஷம் மாறினாலும் பதில் மாறாது. நினைவில்லை. சில வருஷம் வெறும் ஏச்சோடு நிற்காது. ஒரு தடவை எஸ்றா மாமா வெட்டுகத்தியோடு வந்து, ஏட்டு வீட்டு முற்றத்துச் செந்துளுவன் வாழைகளை இடது கையால் ஒவ்வொன்றாகச் சாய்த்தார். குலை தள்ளியவை, கன்று, ஒன்றும் மிச்சமில்லை. வெட்டுகிற சத்தம் மாமிசத்தில் வெட்டுகிற மாதிரியே இருந்தது. ஏட்டின் மனைவி ஜன்னலுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இன்னொரு வருஷம் கல்லெடுத்து எறிந்தார். கல் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மூடி, மூக்கோரமாக வடிந்து, இஸ்திரிச் சட்டையில் சொட்டியது. ஏட்டு துவர்த்தால் அமுக்கிக்கொண்டு அதே இடத்தில் நின்றார். அந்த ரத்தத்தோடுதான் "ஓர்மையில்ல எஸ்றா" என்றார். நாங்கள் பிள்ளைகள் அன்று ஓடிவிட்டோம். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். அம்மா உடம்பு முழுக்கத் தைலம் தேய்த்து, இனி அந்தப் பக்கம் போனால் காலை முறிப்பேன் என்றாள். எங்கள் ஊரில் அன்புக்கும் அதே வார்த்தைகள்தான்.

பிறகு நான் வளர்ந்து, நாகர்கோவிலில் படித்து, தேர்வெழுதி, தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்தேன். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் எனக்கு விதிமுறைகளில் ஒரு காதல். பெண்கள் திரும்பிப் பார்க்காத முகம். பாரங்களாவது திரும்பிப் பார்க்கின்றன என்று ஒரு சமாதானம். படிவத்தில் ஒரு கலம் காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அப்படி இருக்கும்போதுதான், போராட்டத்தில் அடிபட்டவர்களும் தியாகிச் சான்று கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. எஸ்றா மாமா முதல் ஆளாக வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"எல்லா வருசமும் யோவேலுக்க தம்பி, யோவேலுக்க தம்பின்னுதான் மேடைக்குக் கூப்பிடுதானுவ. எனக்கும் அடி விழுந்து மக்கா. எனக்க பேரச் சொல்லி ஒருக்கா கூப்பிடட்டு. அது போதும்."

அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. வேறெதுவும் அவருக்கு வேண்டியதில்லை. தன் பெயரைச் சொல்லி ஒரு தடவை மைக்கில் கூப்பிட வேண்டும். மனுவை நிரப்பும்போதுதான் இடி விழுந்தது. சிறை சென்றதற்குச் சான்று உண்டா? இல்லை. அடித்து விட்டுவிட்டார்கள், ஜெயிலுக்குக் கொண்டுபோகவில்லை. உடனிருந்தவர் சான்று? உடன் யாரும் இல்லை. சரி, காயத்தழும்பு? சட்டையைக் கழற்றிக் காட்டினார். தோளில் ஒரு கீறல் கிடையாது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டர் படமெடுத்துப் பார்த்து, எலும்பில் பழுதொன்றும் இல்லை, வாதமாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வேறு மாவட்டமாக இருந்தால் இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது வர்ம அடி. கேசவன் ஏட்டு போலீசுக்குப் போவதற்கு முன்னால் ஓர் ஆசானிடம் அடிமுறை படித்தவர். இடம் பார்த்து இரண்டு விரலால் தட்டினால் போதும். தோல் பொட்டாது, ரத்தம் வராது, நீலம்கூட ஏறாது. உள்ளே மட்டும் ஏதோ அறுந்துவிடும். எங்கள் தாசில்தாரோ தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். வர்மம் என்றதும் சிரித்தார்.

"காயமில்லாத அடியா? அப்ப அடிச்சவரையே கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. அவரு ஒத்துக்கிட்டா நான் கையெழுத்துப் போடறேன்."

அவர் கேலியாகச் சொன்னதை நான் விதியாக எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் வெற்றிலைக்கடைக்குப் போய், ஏட்டை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் மாமா, கவலைப்படாதீர்கள் என்றேன். வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த இடது கை நின்றது.

"அவரு வரமாட்டாரு மக்கா. அவருக்கு ஓர்மையில்ல."

கேசவனை அவர் 'அவரு' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வயதாக வயதாக மனிதர் பக்குவப்பட்டுவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் என்று பாருங்கள்.

ஏட்டு அப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். நல்லமிளகுக் கொடியை முருக்குமரத்தில் கட்டிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"அவன் வரச் சொன்னானா?"

"அவருக்க மனுதானே ஏட்டையா. நீங்க அடிச்சேன்னு ஒரு வார்த்த சொன்னா அவருக்குச் சான்று கெடச்சிரும்."

"ஒண்ணச் சொன்னா மத்ததும் சொல்லணும் மக்கா. பாதியில நிறுத்த எனக்குத் தெரியாது."

"முழுசாச் சொல்லுங்க. அதுதான் எங்களுக்கும் வேணும்."

அவர் கொடியை இறுக்கிக் கட்டி முடித்தார். வருகிற புதன்கிழமை வருகிறேன் என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது நான் சீட்டியடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு பகையாளிகளை ஒரு பாரத்தின் மூலம் சேர்த்துவைக்கப் போகிறேன் என்று எனக்குள் ஓர் எண்ணம்.

புதன்கிழமை இருவரும் வந்தார்கள். தனித்தனியாக, ஒரே பஸ்ஸில். தாசில்தார் அறையில் இருவருக்கும் நாற்காலி போட்டேன். ஏட்டு உட்காரவில்லை. அதிகாரி முன்னால் நிற்கிற பழக்கம்.

"இவரை நீங்க அடிச்சீங்களா?" என்றார் தாசில்தார்.

"அடிச்சேன் சார்."

எஸ்றா மாமா கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருஷம் வாசலில் நின்று கேட்ட வார்த்தை. தாசில்தாருக்கோ இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"அடிச்சா ஒரு காயமாவது இருக்கணுமில்ல?"

"காயம் இருந்தா கேஸ் வருமே சார்."

சொல்லிவிட்டு ஏட்டு சுற்றிலும் பார்த்தார். பேனாவோடு தயாராக நின்றவன் நான். "மக்கா, கொஞ்சம் இஞ்ச வா" என்றார். போனேன். தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ இரண்டு விரல் பட்டது. தட்டினார் என்றுகூடச் சொல்ல முடியாது, ஈயை ஓட்டுகிற மாதிரி. பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்கலாம் என்று பார்த்தால் கை என்னுடையதாக இல்லை. தோளிலிருந்து விரல் வரைக்கும் கொதிக்கிற ஈயத்தை ஊற்றியது போல ஒரு வலி. அதற்குப் பிறகு வலியும் இல்லை, கையும் இல்லை. கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. தாசில்தார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார். ஏட்டு என் காதுக்குக் கீழே உள்ளங்கையால் அழுத்தித் தடவி, முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கை திரும்பி வந்தது. நான் பியூனின் ஸ்டூலில் உட்கார்ந்து பச்சைப்பிள்ளை மாதிரி அழுதேன். அரசாங்கப் பணியில் இதற்கெல்லாம் படி கிடையாது.

"இளக்கி விட்டாச்சு. அன்னைக்கு அவனுக்கு இளக்கல்ல," என்றார் ஏட்டு.

தாசில்தார் வேறொன்றும் கேட்கவில்லை. "எழுதிக்குங்க," என்றார். திரும்பி வந்த கையால் வாக்குமூலம் எழுத ஆரம்பித்தேன். காகிதத் தட்டுப்பாட்டுக் காலம். ஒரு நீளத்தாள்தான் கொடுத்திருந்தார்கள். ஏட்டு சொல்லிக்கொண்டே போனார். ஓர்மையில்லை என்ற மனிதருக்கு ஒன்றும் மறந்திருக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், விறகு அடுக்கியிருந்த இடம். எஸ்றாவுக்கு அன்று பதினேழு வயது, கோடுபோட்ட நிக்கர். கையைப் பின்னால் கட்டியது வாழைத்தார் கட்டுகிற கயிறு. உள்ளங்காலில் பன்னிரண்டு அடி, எண்ணி. விலாவில் முட்டியால் மூன்று. பல் உடைந்து விழுந்ததை அவனையே எடுத்து விழுங்கச் சொன்னது. அதற்குப் பிறகு லத்தியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்டிய இடம். அந்த இடத்தின் பெயரையும் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். ஆசான்மாருக்குப் பிடிக்காது, எனக்கும் பயம். தாளின் முன்பக்கம் நிறைந்தது. எஸ்றா மாமா கண்ணில் நீர் வழிய, தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆமா, ஆமா என்று. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அதற்கு முன்பு நான் கண்டதில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாரத்தில் கடைசியாக ஒரு கலம் இருந்தது. வழக்குப் பதியாமல் விடுவிக்கப்பட்டிருந்தால் அதன் காரணம். தாளைத் திருப்பிப் போட்டு, உரக்க வாசித்தேன்.

எஸ்றா மாமாவின் தலையாட்டம் நின்றது. ஏட்டு அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது எழுதணுமா மக்கா?"

ஒரு கோடு போட்டிருக்கலாம். 'பொருந்தாது' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். நூறு பாரங்களில் அப்படி எழுதியவன்தான் நான்.

"கலம் காலியா இருந்தா மேல போகாது ஏட்டையா."

"அப்ப எழுது. கை செத்ததும் அவன் பேரு சொன்னான். அவனுக்க அண்ணன் யோவேலு வாய்க்காக் கரையில கயிறு திரிக்குத ஓலச் சாய்ப்புல ஒளிஞ்சு கெடக்கான்னு சொன்னான். ஆள் கெடச்சதும் இவன விட்டோம். அந்தச் சாய்ப்புக்குள்ள வச்சே நாங்க நாலு பேரு யோவேல அடிச்சோம். நானும் உண்டு. மூணாம் நாள் ரத்தம் ரத்தமா மூத்திரம் போய்ச் செத்தான்."

என் பேனா அதையும் எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரிந்தது. ஏட்டு குனிந்து கீழே கையெழுத்துப் போட்டார். அவர் நிமிர்வதற்குள் எஸ்றா மாமா மேஜைமேல் கிடந்த கருங்கல் பேப்பர்வெயிட்டை இடது கையால் எடுத்து அவர் முகத்தில் அடித்தார். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. மறுபடி அடித்தார். மறுபடி. நான் குறுக்கே விழுந்து பிடித்தேன். முழங்கை பட்டு என் கண்ணாடி உடைந்து கன்னத்தில் ஏறியது. ஏட்டு நினைத்திருந்தால் இரண்டு விரலால் அந்த மனிதரைக் கீழே போட்டிருக்கலாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. ரத்தம் தாசில்தாரின் கோப்புகள் மேலெல்லாம் தெறித்திருந்தது.

"ஓர்மையில்லன்னு சொல்லியிருக்கலாமேவோய்," என்று எஸ்றா மாமா அழுதார். "இத்தன வருசம் சொன்னீரே. இன்னைக்கும் சொல்லியிருக்கலாமே."

"நீதானே எஸ்றா கேட்ட," என்றார் ஏட்டு.

பியூன்கள் வந்து பிரித்தார்கள். எஸ்றா மாமா வேட்டியெல்லாம் ரத்தத்தோடு வெயிலில் இறங்கி நடந்து போனார். தாசில்தார், பின்பக்கத்தை விட்டுவிட்டு வேறு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள் என்றார். வாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கில் பஞ்சு வைத்துப் படுத்திருந்த ஏட்டு, ஒப்புப் போட்டது போட்டதுதான் மக்கா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடிதடிக் கேஸ் கொடுக்கவும் மறுத்துவிட்டார். மனுதாரர் தொடர்ந்து ஆஜராகவில்லை என்று எழுதிக் கோப்பை மூடினோம்.

அதற்குப் பிறகு எவ்வளவோ இரவு யோசித்திருக்கிறேன். வருஷாவருஷம் வாசலில் நின்று எஸ்றா மாமா உண்மையில் என்ன கேட்டார்? அடித்தேன் என்ற ஒப்புதலையா, அல்லது அந்த மறதி இன்னும் பத்திரமாக இருக்கிறதா என்ற உறுதியையா? பதினேழு வயதுப் பையன், கை செத்துத் தொங்கும்போது வாயிலிருந்து வந்த வார்த்தை. அதற்கு அவனைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு நிமிஷம் அந்த விரல் பட்டதற்கே என் பெஞ்சாதி பெயரைக்கூட மறந்துவிட்டேன் என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஏட்டைப் பற்றி இன்னும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அண்ணனைக் கொன்று, தம்பியின் கையைக் கொன்றவர், தம்பியின் மானத்தை மட்டும் முப்பது வருஷம் தான் வாங்கிக்கொண்ட ஏச்சுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் வெறுப்பு உண்டு. என்மேல் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

அந்த வருஷம் நவம்பர் ஒன்று வந்தது. ஏட்டு காலையிலேயே கோணல் மூக்கும் இஸ்திரிச் சட்டையுமாக நடைவாசலில் வந்து நின்றார். எட்டு மணியாயிற்று, ஒன்பது மணியாயிற்று. எஸ்றா மாமா வரவில்லை. பத்து மணிக்கு ஏட்டு தானாகத் தெருவில் இறங்கி, எங்கள் வீட்டைத் தாண்டி, வெற்றிலைக்கடைக்கு முன்னால் போய் நின்றார். கடையின் பலகை பாதி சாத்தியிருந்தது. நான் சட்டை போடாமலே பின்னால் ஓடினேன், இன்னொரு கொலை விழுந்துவிடும் என்று. உள்ளே இருட்டிலிருந்து எஸ்றா மாமாவின் குரல் மட்டும் வந்தது.

"போவும் ஓய். இன்னைக்கு லீவாக்கும்."

அன்று மேடையில் யோவேலின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். பொன்னாடை வாங்க யாரும் வரவில்லை. மடிப்புக் கலையாமல் அதைத் திருப்பிப் பெட்டியில் வைத்தவன் நான்தான். எஸ்றா மாமா பிறகு ஒருபோதும் மேடைப்பக்கம் போகவில்லை. ஏழெட்டு வருஷத்தில் இருவரும் ஒரே மழைக்காலத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கடை போயிற்று, ஏட்டு வீடு போயிற்று. புதிய ரோடு இரண்டு முற்றத்தையும் தின்றுவிட்டது. பலாமரம் நின்ற இடத்தில் ஒரு பேக்கரி. நவம்பர் ஒன்றாம் தேதி அங்கே பிள்ளைகள் பப்ஸ் தின்கிறார்கள். அவர்களுக்குக் கெட்ட வார்த்தை படிக்க வேறு வசதிகள் இருக்கின்றன.

வேலையின் கடைசி வருஷம் என்னைப் பதிவறையில் போட்டார்கள். பழைய கோப்புகளை அழிக்கப் பட்டியல் தயாராயிற்று. ஒரு மத்தியானம் அந்தக் கோப்பு என் கைக்கு வந்தது. உள்ளே அந்தத் தாள், ஓரத்தில் காய்ந்து கறுத்த புள்ளிகளோடு. எஸ்றா மாமாவின் மகன் துபாயில் இருந்தான். ஊருக்கு வரும்போதெல்லாம், எங்க அப்பாவுக்குக் கெடைக்காத சான்ற இப்பமாவது வாங்க முடியாதா அண்ணா, ஏதாவது ரிக்கார்டு இருக்கா என்று கேட்பான். ரிக்கார்டு இருந்தது. முன்பக்கத்தை மட்டும் அவனிடம் கொடுக்க முடியுமா என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தின் எழுத்து மறுபக்கத்தில் தெரிந்தது. அன்று பேனாவை அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறேன். ஆபீஸ் பின்பக்கம் காகிதம் எரித்துக்கொண்டிருந்த இடத்துக்கு நானே நடந்து போய் அதைப் போட்டேன். அரசாங்கம் இதைப் படித்து என் ஓய்வூதியத்தை நிறுத்துவதென்றால் நிறுத்திக்கொள்ளட்டும். அவனிடம், ஒன்றும் இல்லை தம்பி, தேடிப் பார்த்தாச்சு என்று சொன்னேன்.

இந்த வருஷம் அதிகாரிகள் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். மாலை விழுந்தது. ஒரு பெண் அதிகாரி தியாகிகளின் பெயர்களை மைக்கில் ஒவ்வொன்றாக வாசித்தார். யோவேல் என்று வாசித்தார். நான் பக்கத்துப் பெரியவரோடு எழுந்து நின்றேன். அடுத்தது வேறு யாருடைய பெயரோ வந்தது. அந்தப் பதினேழு வயதுப் பையனை விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டு அடித்தார்கள் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு தாள்.